கேட்க ஆளில்லாமல் ஆக்கியது நாங்கள்

அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதைப் போலீஸ் சொல்லட்டும். அந்த வீட்டைச் சுற்றி இருபது முப்பது வருஷமாக என்ன நடந்தது என்பதை நாங்கள்தான் சொல்ல வேண்டும். நாங்கள் என்றால், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் தோட்டத்தில் பிறந்து, டவுனுக்குக் குடிபோய், அப்பனையும் ஆத்தாளையும் தோட்டத்திலேயே விட்டுவிட்டு, மாதத்தில் ஓரிரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள். எங்களில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர் உண்டு, வாத்தியார் உண்டு, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர் உண்டு. யாரும் இதை எழுதச் சொல்லி என்னிடம் கேட்கவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். தனித்தனியாகக் கேட்டால் அவரவர் அவரவர் நியாயத்தைச் சொல்லித் தப்பித்துக்கொள்வோம்.

2024 நவம்பர் 28-ஆம் தேதி இரவு, பல்லடம் பக்கம், அவிநாசிபாளையம் காவல் நிலையத்துக்கு உட்பட்ட ஒரு தோட்டத்து வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய கணவனும் மனைவியும் அவர்களுடைய மகனும் கொலை செய்யப்பட்டார்கள். மகன் வெளியூரில் வேலை பார்த்தவர், அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்தார். மறுநாள் காலையில் முடி திருத்த வந்த தொழிலாளி பார்த்துத்தான் ஊருக்குச் சேதி தெரிந்தது. சில பவுன் நகை போயிருந்தது. 14 தனிப்படைகள் இறங்கின. மார்கழி போனது, பொங்கல் நோம்பி வந்து போனது, சென்னிமலைத் தைப்பூசத் தேர் ஓடி நிலை சேர்ந்தது. கொன்றவர் யார் என்று தெரியவில்லை. வழக்கு சிபிசிஐடிக்கு மாறியது. அப்போதும் தெரியவில்லை.

அப்படித் துப்புக் கிடைக்காமல் போன ஏறக்குறைய ஆறு மாதமும் நாங்கள் என்ன செய்தோம் என்பதுதான் முதலில் சொல்ல வேண்டியது.

எழவுக்குப் போனோம். போய்விட்டு வந்து பேசினோம். நிலத் தகராறாக இருக்கும் என்றோம். கொடுக்கல் வாங்கலாக இருக்கும் என்றோம். வீட்டுக்கு வந்து போகிறவர்களில்தான் யாரோ என்றோம். மூன்று பேரைப் பறிகொடுத்த ஒரு குடும்பம் கண்ணீரைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் காவல் நிலையத்துக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருக்கும்போது, எந்த ஆதாரமும் கையில் இல்லாமல், டீக்கடையிலும் கல்யாண மண்டபப் பந்தியிலும் உட்கார்ந்து காரணங்களை இட்டுக்கட்டினோம். செல்போனில் வந்த படங்களை, பார்க்கவே கூடாத படங்களை, சொந்தக்காரர்கள் குரூப்பில் தள்ளிவிட்டோம். அந்தக் குரூப்பில் குழந்தைகளும் இருந்தார்கள். இறந்தவர்களின் பிள்ளைகுட்டிகள் கையிலும் அந்தப் படம் போய்ச் சேர்ந்திருக்கும் என்ற நினைப்பு எங்களில் ஒருவருக்கும் வரவில்லை.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. "வடக்கத்தியானாத்தான் இருக்கும்" என்று எத்தனை வாய் சொல்லியது! திருப்பூரின் பனியன் கம்பெனிகளும் பல்லடத்தின் விசைத்தறிகளும் கோழிப்பண்ணைகளும் யாருடைய கையால் ஓடுகின்றன என்று எங்களுக்குத் தெரியாதா? 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, அந்த மக்கள் பயந்து ஊருக்கு ரயிலேறினார்கள். அப்போது எங்கள் கம்பெனிக்காரர்கள்தான் அவர்களிடம் போய், பயப்படாதீர்கள், இது உங்கள் ஊர் மாதிரி என்று சொல்லி நிறுத்தி வைத்தார்கள். ஒன்றே முக்கால் வருஷத்தில் அதே மக்களைப் பார்த்து, ராத்திரி எங்கே போனாய், ஏன் இந்தத் தடத்தில் வந்தாய் என்று கேட்டோம். வாடகைக்கு விட்ட அறைகளைக் காலி செய்யச் சொன்னவர்களும் எங்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் இன்றுவரை யாரும் போய் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை.

பயம் மட்டும் உண்மையாக இருந்தது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பொழுதோடு தாழ் போட்டுக்கொண்டு உள்ளே போன கிழவிகள், ஒண்ணுக்குக்கூட வெளியே வராமல் விடியும்வரை விழித்துக் கிடந்தார்கள். நாய் குரைத்தால் லைட்டைப் போடுவதா, போட்டால் நாம் இருக்கும் இடம் தெரிந்துவிடுமா என்று ஒரு அம்மா மகனிடம் போனில் கேட்டாராம். அந்த மகனுக்குப் பதில் தெரியவில்லை. நாங்கள் செய்ததெல்லாம் கேமரா வாங்கிக் கொடுத்தது. காம்பவுண்டு சுவரை உயர்த்தியது. கேட்டுக்கு இரண்டு பூட்டு. துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும் என்ற பேச்சுகூட எழுந்தது. கேமராவில் வாசல் தெரிந்தது, கார் நிற்கும் கொட்டகை தெரிந்தது. ஆத்தா தூங்கினாளா, சாப்பிட்டாளா என்பது அதில் எப்படித் தெரியும்?

2025 மே 1-ஆம் தேதி, ஈரோடு மாவட்டம் சிவகிரிக்கு அருகே இன்னொரு தோட்டத்து வீட்டில் இன்னொரு முதிய தம்பதி கொல்லப்பட்டுக் கிடந்தது தெரியவந்தது. கொலை நடந்து சில நாட்கள் ஆகியிருந்தன. போன் அடித்தும் எடுக்கவில்லை என்று சொந்தக்காரர்கள் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

சில நாட்கள். இந்த இரண்டு சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

கொலையைத் தடுத்திருக்க முடியுமா என்பது வேறு கேள்வி. ஆயுதத்தோடு வருகிறவனை எழுபது வயதுக்காரர் தடுக்க முடியாது, பக்கத்துத் தோட்டத்துக்காரரும் அந்த நேரத்தில் தடுத்திருக்க முடியாமல் போகலாம். பல்லடம் பக்கத்து வீட்டில் மகன் உடனிருந்தும் தடுக்க முடியவில்லை. ஆகவே "பிள்ளைகள் கூட இருந்திருந்தால்" என்று கைகழுவுவதையும் விட்டுவிடுவோம். ஆனால் இரண்டு பேர் இல்லாமல் போய், பொழுது விடிந்து, பொழுது சாய்ந்து, மறுபடி விடிந்தும் ஒருவருக்கும் தெரியாத நிலை கொலைகாரன் உண்டாக்கியதல்ல. அவன் அதைப் பயன்படுத்திக்கொண்டான். தோட்டத்து வீடுகளை ஆள் நடமாட்டம் அற்றவையாக ஆக்கி வைத்தது நாங்கள்.

எப்படி ஆக்கினோம் என்று எண்ணிப் பார்க்கிறேன். எங்கள் பக்கத்தில் வீடுகள் ஊருக்குள் தெருவாகச் சேர்ந்திருப்பதில்லை. அவரவர் நிலத்துக்கு நடுவில், கிணற்றை ஒட்டி வீடு. கவலை ஏற்றம் பூட்டித் தண்ணீர் இறைத்த காலத்தில், கோழி கூப்பிடும்போதே மாடு பூட்டியாக வேண்டும். அதனால் கிணற்றடியிலேயே குடியிருந்தார்கள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே நாலு வயல், கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம், கிளுவை வேலி. பார்ப்பதற்குத் தனி வீடு. ஆனால் தனியாக இருந்ததில்லை.

காலையிலும் பொழுதோடும் பால் சொசைட்டிக்குப் பால் போனது. தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு இட்டேரியில் நடந்து போனால் வழியில் நாலு பேரிடம் நாலு பழமை பேசலாம். ஒருவர் ஒருவேளை பால் ஊற்ற வரவில்லை என்றால், "என்னாச்சு, மாடு நின்னுபோச்சா, மேலுக்குச் சரியில்லையா?" என்று அடுத்த வேளைக்குள் ஒருவர் வாசலில் வந்து நிற்பார். சொசைட்டியில் நோட்டுப் போடுகிறவர் கேட்பார். அதிகம் போனால் பன்னிரண்டு மணி நேரம். அதற்கு மேல் ஒரு வீடு சத்தமில்லாமல் கிடக்க வழியே இல்லை. பிறகு, வயதான காலத்தில் எதற்கு மாடு என்று நாங்கள் சொன்னோம். மாட்டை விற்றோம். நல்லெண்ணத்தில்தான். அப்பாருக்கு முழங்கால் வலி, ஆத்தாளுக்குச் சர்க்கரை, சாணி வழிக்க முடியவில்லை. பாக்கெட் பால் வந்தது, அதை ஃபிரிட்ஜில் ஐந்து நாளைக்கு வாங்கி அடுக்கினோம். அன்றிலிருந்து அந்த வீட்டைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கேட்கும் ஆள் இல்லை.

மோட்டார் அடுத்தது. மும்முனைக் கரண்ட் முறை வைத்து வந்த காலத்தில், ராத்திரி எந்நேரம் வருகிறதோ அந்நேரம் எழுந்து போக வேண்டும். பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் கையில் டார்ச் லைட்டோடு வரப்பில் ஆள் நடந்தது. ஒரு தோட்டத்தில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டால், கரண்ட் வந்துவிட்டது என்று அடுத்த தோட்டத்துக்காரர் எழுந்தார். மடை மாற்றும்போது ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொள்வார்கள். அந்த அலைச்சலை யாரும் விரும்பிச் செய்யவில்லை, பாம்பு கடித்துச் செத்தவர்களும் உண்டு. அதனால் செல்போனிலேயே மோட்டாரைப் போட்டு நிறுத்தும் ஸ்டார்ட்டரை வாங்கி மாட்டினோம். இப்போது திருப்பூரில் கம்பெனிக்குள் உட்கார்ந்தபடி தோட்டத்து மோட்டாரை ஓட விடலாம். தென்னைக்குச் சொட்டுநீர்க் குழாய் இருக்கிறது. ராத்திரியில் காட்டுக்குள் நடக்க யாருக்கும் வேலையில்லை. கூலி வாங்காத அந்த ராக்காவல் அதோடு நின்றது.

இட்டேரியும் அப்படித்தான். இரண்டு வேலிக்கு நடுவே, எல்லோர் வாசலையும் தொட்டுக்கொண்டு போகும் வண்டித் தடம் அது. அவரவர் தோட்டத்துக்குத் தனித் தார் ரோடு வந்ததும், காரில் நேராக வாசலுக்கே வந்து இறங்கும் வசதி வந்தது. இட்டேரியில் முள் மூடியது. பக்கத்துத் தோட்டத்துக்கு நடந்தால் பத்து நிமிஷம், ரோட்டு வழியாகப் போனால் ஊரைச் சுற்ற வேண்டும். எழுபது வயதில் யார் சுற்றுவார்கள்? சிலர் அந்தத் தடத்தைத் தங்கள் வேலிக்குள் சேர்த்தும் கொண்டார்கள். அந்தச் சிலர் யாரென்று எங்களுக்குள் எல்லோருக்கும் தெரியும்.

இதையெல்லாம் பழைய காலம் தங்கமானது என்று சொல்வதற்காக எழுதவில்லை. பழைய தோட்டத்தில் பட்டிக் கட்டிலில் ராத்திரி படுத்திருந்தது யார்? பண்ணையாளாக இருந்த மாதாரிச் சாதி வீட்டுப் பையன்கள். வருஷக் கூலிக்கு, பல இடங்களில் அப்பன் வாங்கிய கடனுக்கு, எட்டு வயதில் வந்து சேர்ந்த பிள்ளைகள். எங்கள் வீட்டுக் கிழவன் கிழவிக்கு அவர்கள்தான் காவல். எங்கள் வீட்டில் ஒரு இருமல் கேட்டாலும் முதலில் ஓடி வந்தது அவர்கள். அவர்கள் குடியிருக்கும் வளவில் ஒரு சாவு விழுந்தால் நாங்கள் எத்தனை நாள் கழித்துக் கேட்டோம்? கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. எங்கள் பட்டிகளில் அது போய்ச் சேர இன்னும் பல வருஷம் ஆனது. சட்டத்தைவிட, பனியன் கம்பெனியில் கிடைத்த வாரச் சம்பளம்தான் அவர்களை விடுவித்தது. அவர்கள் போனது முழுக்க நியாயம். கட்டாயத்தால் கிடைத்துக்கொண்டிருந்த ஒரு காவலை இழந்தபோது, அதற்குப் பதிலாகச் சமமான அக்கம்பக்க உறவு ஒன்றை உண்டாக்க வேண்டும் என்று நாங்கள் நினைக்கவே இல்லை. இன்றைக்கும் அந்த வளவு தோட்டத்துக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே இளவட்டங்கள் இருக்கிறார்கள், பைக் இருக்கிறது. எங்கள் தோட்டத்து வீட்டில் ஆபத்து என்றால் முதலில் வந்துசேரக்கூடியவர்கள் அவர்களே. ஆனால் எங்கள் பெற்றோர் போனில் அந்த வளவில் ஒருவர் நம்பராவது இருக்கிறதா? பெங்களூரில் இருக்கும் என் நம்பர் இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் தங்கச்சி நம்பர் இருக்கிறது. ஓடி வரக்கூடியவர் நம்பர் இல்லை. இதைச் சாதி என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

மே மாதம் நடுவில் மூன்று பேர் கைதானார்கள். நகையை வாங்கியதாக ஒரு நகைக்கடைக்காரரும் கைதானார். சிவகிரிக் கொலைக்காகப் பிடிபட்ட அவர்களே பல்லடம் பக்கத்து மூன்று கொலைகளையும் செய்தவர்கள் என்று காவல்துறை அறிவித்தது. குற்றம் உண்மையா என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். ஆறு மாதம் நாங்கள் பேசிய பேச்சுக்கும் இந்த அறிவிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது மட்டும் அன்றைக்கே தெரிந்துவிட்டது. கைதானவர்கள் எங்கள் ஈரோடு மாவட்டத்து அறச்சலூர்ப் பக்கத்துக்காரர்கள். நிலத் தகராறும் இல்லை, வடக்கத்தியாரும் இல்லை. தேங்காய் போடும் வேலைக்குப் போகிற இடத்தில் தனித்திருக்கும் வீடுகளைப் பார்த்து வைத்துக்கொண்டதாகக் காவல்துறை சொன்னது.

உடனே எங்கள் சந்தேகம் இடம் மாறியது. அதை வெட்கத்தோடு சொல்கிறேன். நேற்றுவரை வடக்கத்தியாரைப் பார்த்த பார்வை, மறுநாள் மரம் ஏறுகிறவர்கள் பக்கம் திரும்பியது. ஆதார் ஜெராக்ஸ் கொடு, போட்டோ எடுத்துக்கொள்கிறேன், வீட்டுப் பக்கம் வராதே, தண்ணீர் வேண்டுமென்றால் தொட்டியில் பிடித்துக் குடி. தென்னைக்கு நாற்பது, நாற்பத்தைந்து நாளைக்கு ஒருமுறை வெட்டு. அப்படி வருஷத்தில் எட்டு ஒன்பது முறை ஒருவர் எங்கள் தோட்டத்துக்கு வருகிறார், பல வருஷமாக வருகிறார். அவர் பேர் எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? "தேங்காய் போடுற ஆளு" என்றுதான் போனில் பதிந்து வைத்திருக்கிறோம். கால் நழுவினால் உயிர் போகும் வேலை. அவர்களுக்கென்று தென்னை வளர்ச்சி வாரியம் ஒரு காப்பீட்டுத் திட்டம் வைத்திருக்கிறது. ஒரு ஆளையாவது அதில் சேர்த்துவிட்ட தோட்டக்காரர் எங்களில் யார்? விழுந்து இடுப்பொடிந்து போனவருக்கு ஆஸ்பத்திரிச் செலவில் பாதி கொடுத்ததையே பெரிய தர்மமாகப் பேசியிருக்கிறோம். மூன்று பேர் மீது வழக்கு இருக்கிறது. ஆயிரக்கணக்கான பேர் தினமும் விடியற்காலையில் கயிறும் அரிவாளுமாக மரம் ஏறிப் பிழைக்கிறார்கள். அந்த ஆயிரம் பேரையும் மூன்று பேராகப் பார்க்க ஒரு நாள்கூட ஆகவில்லை எங்களுக்கு.

இந்தப் பக்கத்தில் இதற்கு முன் நடக்காததும் இல்லை. 2023 செப்டம்பரில் சென்னிமலைப் பகுதியில் ஒரு முதிய தம்பதி கொலையானார்கள். அதுவும் தோட்டத்து வீடு. அதே மாதம் பல்லடம் கள்ளக்கிணறில் ஒரே குடும்பத்தில் நான்கு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள், அங்கே காரணம் வேறு. ஒவ்வொரு முறையும் பேப்பரில் படித்து, ஐயோ பாவம் என்று சொல்லி, பெற்றோருக்குப் போன் போட்டு "கதவை நல்லாச் சாத்திக்குங்க" என்று சொன்னோம். ஒரு வாரம் தினமும் போன். அடுத்த வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள். பிறகு பழையபடி ஞாயிற்றுக்கிழமை.

சட்டம் இல்லை என்றும் சொல்ல முடியாது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இல் வந்தது. அந்தச் சட்டத்துக்காக மத்திய அரசு வகுத்துக் கொடுத்த மாதிரி விதிகள் தெளிவாகச் சொல்கின்றன: ஒவ்வொரு காவல் நிலையமும் தன் எல்லைக்குள் தனியாக வாழும் முதியவர்களின் பட்டியலைப் புதுப்பித்து வைத்திருக்க வேண்டும். மாதம் ஒருமுறையாவது காவலர் ஒருவர், கூடுமானால் ஒரு சமூக சேவகரோ தன்னார்வலரோ உடன்வர, நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அந்தத் தன்னார்வலர் யார்? வானத்திலிருந்தா வருவார்? நாங்கள் ஒவ்வொரு ஊரிலும் இரண்டு பேர் பேரைக் கொடுத்திருக்க வேண்டும். இந்தச் சட்டம் எங்களுக்குத் தெரியாததல்ல. தெரியும், ஆனால் அதை நாங்கள் படித்தது சொத்தை எழுதிக் கொடுத்த பிறகு பெற்றோர் திரும்பக் கேட்க முடியுமா என்று வக்கீலிடம் விசாரிப்பதற்காக. அந்த ஒரு பிரிவு எங்களில் பலருக்கு மனப்பாடம். கொலைகளுக்குப் பிறகு போலீஸ் தோட்டத்து வீடுகளைக் கணக்கெடுத்தது, ரோந்து கூடியது. அதற்கு நன்றி சொல்கிறோம். அதை முன்னாலேயே கேட்டு வாங்கியிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

கேட்க இடம் இல்லையா? தமிழ்நாட்டில் வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை. அதில் நவம்பர் 1 ஒரு நாள். பல்லடம் பக்கத்துக் கொலைகள் நடந்த அதே மாதம். மே 1 ஒரு நாள். சிவகிரியில் அந்த இரண்டு உடல்களும் கண்டெடுக்கப்பட்ட அதே நாள். கிராம சபைக்கு நாங்கள் போவதில்லை. டவுன்காரர்கள் ஆகிவிட்டோம், ஆனால் ஓட்டு மட்டும் ஊரிலேயே இருக்கட்டும் என்று வைத்திருக்கிறோம். போகிறவர்களும் தெருவிளக்கு, குடிநீர், நூறு நாள் வேலை என்று கேட்கிறார்கள், அவையெல்லாம் கேட்க வேண்டியவைதான். தனித்திருக்கும் கிழவன் கிழவிகளின் பேரை ஒரு தாளில் எழுதித் தீர்மானமாகப் போட்டுக் காவல் நிலையத்துக்கு அனுப்ப ஒரு செலவும் இல்லை. அதை யாரும் எழுதவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் 8.6 சதவீதம், தமிழ்நாட்டில் 10.4 சதவீதம். இப்போது அது இன்னும் ஏறியிருக்கும். எங்கள் தோட்டங்களில் அதைக் கணக்கெடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, போய்ப் பார்த்தாலே போதும். எட்டு வீட்டில் ஆறு வீடு இரண்டு கிழடுகள், ஒரு வீடு ஒற்றைக் கிழவி, ஒரு வீடு பூட்டு.

"டவுனுக்கு வாங்க" என்று கூப்பிட்டோம், அவர்கள் வரவில்லை என்பது எங்களுடைய கடைசி நியாயம். உண்மைதான், கூப்பிட்டோம். எங்கே கூப்பிட்டோம்? மூன்றாம் மாடிக்கு. பகலெல்லாம் நாம் வேலைக்குப் போய்விட, பேரன் பேத்தி ஸ்கூலுக்குப் போய்விட, டிவிக்கு முன்னால் உட்கார வைக்க. நாலு நாள் இருந்துவிட்டு, "கோழிக்குத் தீனி போடோணும்" என்று கிளம்பிவிடுகிறார்கள். கோழி ஒரு சாக்கு என்று நாங்கள் சிரிப்போம். அது சாக்கு இல்லை. அந்தத் தோட்டத்தில் அவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது, சொன்னால் கேட்கும் ஒரு நாய் இருக்கிறது, தன் கையால் வைத்த மரம் இருக்கிறது. கொலைக்குப் பிறகும் தோட்டத்தைவிட்டு வரமாட்டேன் என்ற பல பேரை, பிடிவாதம் என்று நாங்கள் கோபித்தோம். எழுபத்தைந்து வயதில் பயத்தால் வீட்டைவிட்டு ஓடமாட்டேன் என்பவரிடம் கோபப்பட எங்களுக்கு என்ன தகுதி? அவர்கள் இருக்க விரும்பும் இடத்தைப் பத்திரமாக்கித் தருவது எங்கள் கடமை. அவர்களை இடம் மாற்றுவது எங்களுக்குச் சுலபம், அதனால் அதையே பேசினோம்.

முடி திருத்த வந்தவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மூன்று உயிர் போன வீட்டின் வாசலில் முதலில் வந்து நின்றது சொந்தமும் இல்லை, பங்காளியும் இல்லை. வேலைக்கு வந்த ஒரு தொழிலாளி. அவர் அன்றைக்கு வராமல் இருந்திருந்தால் அந்த வீடும் எத்தனை நேரம் அப்படிக் கிடந்திருக்கும்? அதை நினைக்க நெஞ்சு நடுங்குகிறது. எங்கள் தோட்டங்களுக்கு இன்னும் மிச்சமிருக்கும் கண்கள் அவர்களுடையவைதான். போஸ்ட்மேன், கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர், கரண்ட் ரீடிங் எடுப்பவர், ஆடு மேய்க்கும் அக்கா, மருந்து கொடுத்து ரத்த அழுத்தம் பார்க்க வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பெண்மணி. இவர்களை வாசலோடு அனுப்பிவிடுவதுதான் இப்போது எங்கள் பாதுகாப்பு ஏற்பாடாக இருக்கிறது. கேட்டைப் பூட்டு, யாரையும் உள்ளே விடாதே என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். விசாரிக்க வருகிறவரையும் அதில் சேர்த்துத் தடுத்துவிட்டோம்.

இப்போது எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் வயதான பெண்கள் சிலர் தாங்களாகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார்கள். விடிந்ததும் ஒருவர் அடுத்தவருக்குப் போன் போடுகிறார், அவர் அதற்கடுத்தவருக்கு. "எந்திரிச்சாச்சுங்களா?" அவ்வளவுதான் பேச்சு. மறுபடி பொழுதோடு ஒரு முறை. எடுக்கவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவர் போய்ப் பார்க்க வேண்டும். அதில் வளவிலிருந்து இரண்டு பெண்களும் சேர்ந்திருக்கிறார்கள், போய்ப் பார்க்கும் வேலையை அவர்கள்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். முதியோருக்கான 14567 உதவி எண்ணை யாரோ தாளில் எழுதி எல்லார் வீட்டு காலண்டரிலும் ஒட்டியிருக்கிறார்கள். இதில் எதையும் நாங்கள் செய்யவில்லை. இப்படி ஒன்று நடக்கிறது என்பதே எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

இனி நாங்கள் செய்ய வேண்டியது இன்னும் அப்படியே கிடக்கிறது. பட்டியல் எழுத வேண்டும். அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று அதைப் படிக்க வேண்டும். மூடிய இட்டேரியைத் திறக்க வேண்டும், அதற்கு முதலில் அதைத் தன் வேலிக்குள் சேர்த்துக்கொண்ட நம் சொந்தக்காரரிடமே போய்ப் பேச வேண்டும். வளவில் போய் நம்பர் வாங்க வேண்டும், வாங்கும்போது நம் நம்பரையும் கொடுக்க வேண்டும், அவர்கள் கூப்பிட்டால் நாமும் போக வேண்டும். தேங்காய் போட வருகிறவரின் பேரைக் கேட்க வேண்டும். நாங்கள் அறையைக் காலி செய்யச் சொல்லி அனுப்பிய அந்த ஒடிசா, பீகார்ப் பிள்ளைகள் இப்போது எங்கே குடியிருக்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டும். எங்களில் யார் எதைச் செய்வது என்று இன்னும் பிரித்துக்கொள்ளவில்லை.